மெக்னீசியமும் வீசிங்கும்: டிரிப்ஸ் வேறு, மாத்திரை வேறு

போகி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பெரம்பூரில் நான் வேலை பார்க்கும் மெடிக்கலில் ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த வாரம் ஒரே மாதிரிதான் போகும். இருமல் சிரப், நெபுலைசருக்கு ஊற்றும் மருந்துக் குப்பி, இன்ஹேலர் மூன்றும் அடுக்கி வைத்த வேகத்தில் காலியாகும். டயரும் பழைய பாயும் எரிந்த புகை, பனியோடு சேர்ந்து தெருவை விட்டு நகராமல் நிற்கும்.

அன்றைக்குப் பதினோரு வயது மகனைக் கையில் பிடித்தபடி ஓர் அம்மா வந்தார். போனைத் திருப்பிக் காட்டினார்.

"அண்ணா, இந்த மெக்னீசியம் மாத்திரை இருக்கா? இதைச் சாப்பிட்டா இன்ஹேலரே வேணாமாம். ஆஸ்பத்திரியிலயே வீசிங்குக்கு இதைத்தான் ஏத்துறாங்களாம்."

ஆஸ்பத்திரியில் ஏற்றுகிறார்கள் என்பது உண்மை. இன்ஹேலர் வேண்டாம் என்பது உண்மையில்லை. ஆனால் இரண்டையும் ஒட்டவைத்து அனுப்பும்போது, உண்மையின் தோளில் ஏறிப் பொய்யும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கடையில் கூட்டம் இருந்ததால் அவருக்குச் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. ஆற அமரச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதை இங்கே எழுதுகிறேன்.

வீசிங் வரும்போது உள்ளே என்ன நடக்கிறது

நுரையீரலைத் தலைகீழாக நட்ட வேப்பமரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்குக் கீழே இறங்கும் மூச்சுக்குழாய்தான் அடிமரம். அது இரண்டாகப் பிரிந்து, கிளை கிளையாகப் போய், கடைசியில் மிக மெல்லிய குழாய்களாக முடிகிறது. அவற்றை மூச்சுச் சிறுகுழாய் என்பார்கள். ஆஸ்துமாவில் சிக்கல் பெரும்பாலும் இந்தக் கிளைகளிலும் சிறுகுழாய்களிலும்தான்.

அங்கே இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், மெக்னீசியத்தைப் பற்றிய குழப்பத்தில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

முதலாவது, இறுக்கம். பாட்டி இடுப்பில் செருகி வைத்திருக்கும் சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கிவிடும். மூச்சுச் சிறுகுழாயைச் சுற்றியும் அப்படி ஒரு கயிறு இருக்கிறது. அதன் பெயர் மென்தசை. கை கால் தசையைப் போல நாம் நினைத்தபடி இதை அசைக்க முடியாது, தானாகவே சுருங்கும், தானாகவே விரியும். புகை, தூசி, குளிர்காற்று ஏதாவது பட்டால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தக் கயிறு தேவைக்கு மேல் இறுகிவிடுகிறது.

இரண்டாவது, வீக்கம். ஐப்பசி மழையில் மரக்கதவு ஊதிக்கொண்டு நிலையில் மாட்டிக்கொள்ளும் அல்லவா? குழாயின் உள்சுவரும் அப்படி ஊதித் தடித்துப் போகிறது, மேலே சளியும் சேர்கிறது. இந்த நிலைக்கு அழற்சி என்று பெயர். கயிறு நிமிடங்களில் இறுகும், நிமிடங்களில் தளரும். அழற்சி அப்படி இல்லை. நாள்கணக்கில், வாரக்கணக்கில், இருமல்கூட இல்லாத நல்ல நாட்களிலும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

கொஞ்சம் சுருங்குவதற்கா இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. இளநீர்க் கடையில் தரும் ஸ்ட்ராவிலும், டெட்ரா பேக் ஜூஸோடு ஒட்டி வரும் சின்ன ஸ்ட்ராவிலும் மாறி மாறி ஊதிப் பாருங்கள், தெரிந்துவிடும். குழாயின் குறுக்களவு பாதியானால் காற்றுக்கு வரும் தடை இரண்டு மடங்காவதில்லை, ஏறக்குறைய 16 மடங்காகிறது. காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே தள்ளுவதுதான் பெரும்பாடு. அந்த 'ஙொய்ங்' என்ற விசில் சத்தம், குறுகிப்போன குழாய் வழியாகக் காற்று பிதுங்கி வெளியேறும் சத்தம்.

இதுவரை பார்த்தது: ஆஸ்துமா என்பது இறுக்கமும் வீக்கமும் சேர்ந்தது. இறுக்கம் சட்டென்று வரும், வீக்கம் உள்ளேயே தங்கும்.

கயிற்றை இழுப்பது யார்?

கால்சியம். எலும்புக்கு நல்லது என்று நாம் அறிந்த அதே கால்சியம்தான், தசைக்குச் 'சுருங்கு' என்று கட்டளையிடுகிறது. தசைச் செல்லின் சுவரில் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. அவை திறந்து கால்சியம் உள்ளே பாய்ந்தால் மென்தசை சுருங்கும். கால்சியம் வெளியேறினால் தளரும்.

இங்கேதான் மெக்னீசியம் வருகிறது. உடம்பில் கால்சியமும் மெக்னீசியமும் அயனிகளாக, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களாகத் திரிகின்றன. இரண்டிலும் நேர் மின்னூட்டம் இரண்டு. ஆகவே கால்சியத்துக்கான வாயிலருகே மெக்னீசியமும் வந்து நிற்க முடியும். ஆனால் கால்சியம் செய்கிற வேலையை அது செய்யாது.

காலை எட்டரை மணிக்குக் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? உள்ளேயும் போகாமல், கீழேயும் இறங்காமல், வாசலை மறித்துக்கொண்டு நான்கு பேர் நிற்பார்கள். அவர்கள் கையிலும் டிக்கெட் இருக்கும், யாரும் இறக்கிவிட முடியாது. பிளாட்பாரத்தில் நிற்பவர்களில் பாதிப் பேர் ஏற முடியாமல் நின்றுவிடுவார்கள். மெக்னீசியம் செய்வது அதைத்தான். வாசலில் அது கூட்டமாக நின்றால் உள்ளே போகும் கால்சியம் குறைகிறது, கயிறு தளர்கிறது, குழாய் விரிகிறது.

தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் செய்தியையும் அது கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. முக்கியமான வேலை வாசலில் நடப்பதுதான் என்பதால் மற்றதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மெக்னீசியம் தளர்த்துவது கயிற்றை. ஊதிப்போன கதவை நல்ல நிலைக்குக் கொண்டுவர அது போதாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆஸ்பத்திரியில் எப்போது ஏற்றுகிறார்கள்

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்துமா தாக்கத்துக்கு மெக்னீசியம் சல்பேட் கொடுத்த அனுபவம் 1936-லேயே அர்ஜென்டினா மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாகியிருக்கிறது. ஆனாலும் இன்றுவரை அது முதல் வரிசை மருந்தாகவில்லை.

மூச்சு முட்டி வருபவருக்கு முதலில் ஆக்சிஜன், நெபுலைசரில் சால்பியூட்டமால் போன்ற குழாய் விரிப்பு மருந்து, கூடவே ஸ்டீராய்டு. பெரும்பாலோருக்கு இதிலேயே மூச்சு சீராகிவிடும். ஆகாதவர்கள், ஆக்சிஜன் அளவு ஏறாமலே இருப்பவர்கள், வரும்போதே மிக மோசமான நிலையில் வந்தவர்கள் ஆகியோருக்குத்தான் மெக்னீசியம் சல்பேட்டை ரத்தக்குழாய் வழியாக டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள். பெரியவர்களுக்கு 2 கிராம், 20 நிமிடத்தில், ஒரே ஒரு முறை. குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து அளவு மாறும். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலும் இதை எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கச் சொல்லவில்லை.

பலன் எவ்வளவு? பெரியவர்களிடம் நடந்த 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பின்படி, இதை ஏற்றிய ஒவ்வொரு 100 பேரிலும், ஏற்றாதவர்களைவிடக் கூடுதலாக ஏழு பேர் வார்டில் சேராமல் வீடு திரும்ப முடிந்தது. மூச்சுக்குத் தவிக்கும் அந்த ஏழு பேரின் வீட்டில் இது பெரிய விஷயம். ஆனால் மந்திரம் என்று சொல்லிக்கொள்ளும் எண்ணிக்கை இல்லை.

ரத்தக்குழாயில் ஏற்றுவதற்குப் பதிலாக நெபுலைசரில் கொடுத்தால் என்ன என்றும் பார்த்தார்கள். பிரிட்டனில் 34 மருத்துவமனைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், நெபுலைசர் வழியில் பலன் தென்படவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பேதி உப்பு என்று நாம் சொல்வதும் மெக்னீசியம் சல்பேட்தான். அதைத் தண்ணீரில் கரைத்து வீட்டு நெபுலைசரில் ஊற்றலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த உப்பு நுரையீரலுக்குள் போகும் அளவுக்குச் சுத்திகரிக்கப்பட்டதும் இல்லை, கிருமி நீக்கியதும் இல்லை.

ஏற்றும்போது உடம்பு திகுதிகுவென்று சூடாகும், முகம் சிவக்கும், சிலருக்குக் குமட்டும், ரத்த அழுத்தம் இறங்கலாம். அதனால்தான் பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொள்கிறார்கள். பிரசவ வார்டு நர்சுகளுக்கு இந்த மருந்து நன்றாகப் பழக்கம். கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பைத் தடுக்க இதே மெக்னீசியம் சல்பேட்டை இன்னும் அதிக அளவில் கொடுக்கிறார்கள். அப்போது முழங்காலைத் தட்டிப் பார்ப்பார்கள், சிறுநீர் எவ்வளவு போகிறது, மூச்சு எத்தனை விடுகிறார் என்று எண்ணுவார்கள். மெக்னீசியம் அளவு மீறினால் முதலில் முழங்கால் துடிப்பு போகும், பிறகு மூச்சுத் தசையே தளர்ந்துவிடும். முறிவு மருந்தாக என்ன வைத்திருப்பார்கள் தெரியுமா? கால்சியம் ஊசி. வாசலை மறித்தவர்களைத் தள்ளிக்கொண்டு ஏற, பிளாட்பாரத்தில் இன்னும் கூட்டத்தைச் சேர்ப்பது போல.

வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறிப் பேசுவது, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு இடையே உள்வாங்குவது, உதடு நீலம் பாரிப்பது, நிவாரண இன்ஹேலர் எடுத்தும் தணியாதது, இவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மாத்திரையிலும் அதே அளவுதானே இருக்கிறது?

நல்ல கேள்வி. கணக்குப் போட்டால் ஆச்சரியமாகவே இருக்கும். டிரிப்ஸில் ஏற்றும் 2 கிராம் மெக்னீசியம் சல்பேட்டில் உப்பின் மற்ற பகுதிகளைக் கழித்தால் மெக்னீசியம் மட்டும் சுமார் 200 மில்லிகிராம்தான். கடையில் விற்கும் பல மாத்திரைகளிலும் அதே அளவோ கூடவோ இருக்கிறது. பிறகு ஏன் ஒன்று வேலை செய்கிறது, மற்றது செய்வதில்லை?

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். மேல் ஓரத்தில் ஒரு வழிகுழாய் இருக்கும். தண்ணீர் அந்த உயரத்தைத் தொட்டதும் தானாக வெளியே போய்விடும். சன்னமாக ஒழுகும் குழாயைத் திறந்துவிட்டு நாள் முழுக்க விட்டாலும் தொட்டியின் மட்டம் அந்தக் கோட்டைத் தாண்டாது. அதே தண்ணீரை லாரி ஹோஸில் ஒரே அடியாக அடித்தால், வழிகுழாய் சமாளிப்பதற்குள் மட்டம் கொஞ்ச நேரம் மேலே ஏறி நிற்கும்.

அந்த வழிகுழாய்தான் சிறுநீரகம். மாத்திரையில் இருக்கும் மெக்னீசியத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதிக்குள், குடல் வழியாகப் பல மணி நேரத்தில் மெதுவாக ரத்தத்துக்கு வருகிறது. மிச்சம் மலத்தோடு போகிறது. ரத்தத்தில் ஏறும் உபரியைச் சிறுநீரகம் அவ்வப்போது வெளியேற்றிவிடுகிறது. கயிற்றைத் தளர்த்தும் அளவுக்குக் கூட்டம் வாசலில் சேரவே சேராது. டிரிப்ஸில் 200 மில்லிகிராமும் 20 நிமிடத்தில் நேராக ரத்தத்துக்குள் போகிறது. அந்தச் சின்ன இடைவெளியில் கிடைக்கும் உயரம்தான் மருந்து. சிறுநீரகம் அதையும் வெளியேற்றிவிடும் என்பதால் அந்தப் பலனும் தற்காலிகம்தான்.

இதே காரணத்தால்தான் சிறுநீரகம் பழுதானவர்கள் மெக்னீசியம் மாத்திரையைத் தாங்களாகத் தொடவே கூடாது. வழிகுழாய் அடைத்திருக்கும் தொட்டியில் ஒழுகும் குழாய்கூட மட்டத்தை ஏற்றிவிடும்.

சுருக்கமாக: பொருள் ஒன்று, அளவும் ஏறக்குறைய ஒன்று. வேகம்தான் வித்தியாசம்.

சாப்பாட்டில் மெக்னீசியம் உள்ளவர்களுக்கு நுரையீரல் வலுவாமே?

இதற்கு அடிப்படையாகச் சொல்லப்படுவது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 2,600-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்து 1994-ல் வெளியான ஆய்வு. உணவில் தினமும் 100 மில்லிகிராம் மெக்னீசியம் கூடுதலாக எடுத்தவர்கள், முதல் ஒரு விநாடியில் ஊதித் தள்ளும் காற்று சுமார் 28 மில்லிலிட்டர் கூடுதலாக இருந்தது. ஆய்வு நேர்மையானது. அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவில்தான் எச்சரிக்கை வேண்டும்.

மார்கழியில் சென்னையில் சபாக் கச்சேரிகள் கூடுகின்றன. மார்கழியில் வீசிங்கும் கூடுகிறது. கச்சேரி கேட்டால் வீசிங் வரும் என்று யாரும் சொல்ல மாட்டோம், இரண்டுக்கும் பின்னால் இருப்பது மாதம். அதுபோலக் கீரை, பருப்பு, கொட்டைகள் சாப்பிடுகிறவர்களிடம் வேறு நல்ல பழக்கங்களும் சேர்ந்தே இருக்கலாம். இரண்டு சேர்ந்து நடப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

காரணமா என்று பார்க்க ஒரு பாதிப் பேருக்கு மாத்திரையும் மறுபாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 300 ஆஸ்துமாக்காரர்களிடம் அப்படிச் செய்து 2003-ல் வெளியிட்டார்கள். மெக்னீசியத்தால் குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை. அமெரிக்காவில் 55 பேரிடம் ஆறரை மாதம் நடந்து 2010-ல் வந்த ஆய்வில் சில அளவுகளில் முன்னேற்றம் தெரிந்தது. சின்ன ஆய்வு அது. இரண்டையும் தராசில் வைத்தால், இன்ஹேலரைக் கீழே வைக்கச் சொல்லும் எடை எதிலும் இல்லை.

'300-க்கும் மேற்பட்ட என்சைம்களுக்கு மெக்னீசியம் தேவை' என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். உண்மைதான். சமையலுக்கு உப்பு தேவை என்பதும் உண்மைதான். அதற்காக உப்பை இரண்டு பங்காக்கினால் சாம்பார் இரண்டு மடங்கு ருசிக்காது. சிகரெட்டால் கெட்ட நுரையீரலை மெக்னீசியம் 'கழுவிவிடும்' என்று சொல்வதற்கும் ஆதாரம் கிடையாது.

ஊதிய கதவுக்கு யார் பொறுப்பு?

தடுப்பு இன்ஹேலர். அதில் இருப்பது மூச்சுவழி எடுக்கும் ஸ்டீராய்டு. அழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக வற்ற வைப்பது அதுதான். நிவாரண இன்ஹேலர் கயிற்றைத் தளர்த்துவதோடு சரி. 2019 முதல் உலக வழிகாட்டுதல் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் வெறும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பி ஆஸ்துமாவோடு வாழக் கூடாது, அழற்சியைக் குறைக்கும் மருந்து எந்த வடிவிலாவது சேர்ந்திருக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு டாக்டர் வேறு படி சொல்வார்.

ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் பெரியவர்கள் பதறுகிறார்கள். மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கு. இன்ஹேலரில் வருவது மைக்ரோகிராம் கணக்கு, மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் போக வேண்டிய இடத்துக்கே நேராகப் போகிறது. எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் நாக்கில் வரும் வெள்ளைப் படலத்தையும் தவிர்க்கலாம். இன்ஹேலருக்குப் பழகிவிடுவோம் என்ற பயத்தில் பாதியில் நிறுத்திவிட்டு, போகி ராத்திரி ஆட்டோ பிடித்து ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது கனத்துப்போகிறது.

யாருக்கு மெக்னீசியம் உண்மையிலேயே குறையும்

நாட்பட்ட வயிற்றுப்போக்கு, கட்டுப்படாத சர்க்கரை, தொடர் குடிப்பழக்கம், நீர் பிரியும் மாத்திரை எடுப்பது. இன்னொன்று நம் ஊரில் அதிகம்: 'கேஸ் மாத்திரை' என்று கேட்டு வாங்கும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல். வருடக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்தது. தசைப்பிடிப்பு, படபடப்பு, சோர்வு இருந்தால் டாக்டரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளலாம். உடம்பில் மொத்தம் உள்ள சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் ரத்தத்தில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, பாதிக்கு மேல் எலும்பில். அதனால் ரத்தப் பரிசோதனை முழுக் கதையையும் சொல்லாது, ஒரு பகுதியைச் சொல்லும்.

டாக்டர் சொல்லி எடுப்பவர்களும் கவனிக்க வேண்டியது: தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்கையும் இது பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. அதிகமானால் வயிறு போகும். பேதி உப்பு என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

மற்றவர்களுக்குச் சமையலறையே போதும். கீரையின் பச்சை நிறப் பொருளில் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் உட்கார்ந்திருப்பது மெக்னீசியம்தான். 100 கிராம் கேழ்வரகில் 140 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது, வேர்க்கடலையில் இன்னும் கொஞ்சம் கூட, எள்ளில் 300-க்கு மேல். உளுந்து, பாசிப்பயறு, முந்திரி எல்லாவற்றிலும் உண்டு. அரிசியைத் தீட்டி வெள்ளையாக்கும்போது பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதிலும் கொஞ்சம் போகும்.

அன்றைக்குக் கடையில் அந்தப் பையனிடம், "இன்ஹேலரை எப்படி எடுக்கிறே, காட்டு கண்ணா," என்றேன். வாயைத் திறந்து அழுத்தினான், மருந்து முழுக்க நாக்கில் பட்டது, மூச்சை அதற்குப் பிறகுதான் இழுத்தான். மூன்று மாதமாகக் கேட்கவில்லை என்று அந்த அம்மா சொன்ன மருந்து, நுரையீரல் பக்கமே சரியாகப் போயிருக்கவில்லை. இன்ஹேலரின் வாயில் மாட்டும் குழாயான ஸ்பேசர் ஒன்றை எடுத்து மாட்டி, அழுத்திவிட்டு நிதானமாக ஐந்தாறு மூச்சு விடச் சொல்லிக் காட்டினேன். டாக்டரிடம் அடுத்த முறை போகும்போதும் இதைச் செய்து காட்டச் சொன்னேன். அவர் ஸ்பேசரைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்போ கேழ்வரகுக் கூழ் குடுக்கலாமாண்ணா? சளி பிடிக்கும்னு மாமியார் குடுக்க விடமாட்டாங்க."

"சூடா கஞ்சியா காய்ச்சிக் குடுங்கம்மா," என்றேன்.